கண்டன நூல்களில் மறைநூற் சான்று: 'சைவதூஷண பரிகார'த்தை முன்வைத்து

ஆறுமுக நாவலர் எழுதிய சைவதூஷண பரிகாரம் 1854ஆம் ஆண்டு வெளிவந்தது. சைவத்தின்மேற் சொல்லப்பட்ட பழிகளை நீக்க எழுந்த இந்நூலின் வலிமையான சான்றுகள் சைவ ஆகமங்களிலிருந்து வந்தவையல்ல. பழி கூறியோர் கையில் ஏந்திய விவிலியத்திலிருந்தே வந்தவை. கோயில், திருவிளக்கு, நறும்புகை, நீராட்டு, நேர்ச்சை, நோன்பு, தலயாத்திரை, இலிங்க வழிபாடு ஆகியவற்றை அறியாமை என்று எள்ளியோரை நோக்கி, இவற்றை ஒத்த செயல்கள் இசுரயேல் மக்களின் வழிபாட்டிலும் கடவுளின் கட்டளையாகவே இடம்பெற்றுள்ளன என்று நாவலர் எடுத்துக்காட்டினார். நூல் வெளிவந்து ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மெதடிஸ்து சபைப் போதகர் ஒருவர், இந்நூலாசிரியரின் விவிலியப் புலமை வியப்புக்குரியது என்றும், இந்நூல் சைவத்துக்குச் சார்பாகப் பெரும் விளைவை உண்டாக்கியதை மறுக்க இயலாது என்றும் எழுதினார். எதிர்த்தரப்பிலிருந்து வந்த இவ்வொப்புதல் இந்நூலுக்குக் கிடைத்த மதிப்புரைகளுள் தலையாயது.

இந்நூலை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இரு நிலைகளில் நின்றுள்ளனர். தமிழில் எழுதப்பட்ட வரலாறுகள் இதனைச் சைவ மீட்சியின் படைக்கலமாகப் போற்றி, நாவலரின் உரைநடைத் திறனுக்கு ஓர் எடுத்துக்காட்டாகக் குறித்து அமைகின்றன. மேனாட்டு ஆய்வாளருள் டென்னிஸ் ஹட்சன், நாவலர் கிறித்தவப் பணியாளரிடமிருந்து பெற்ற முறைகளை, அதாவது அச்சு, பள்ளி, மேடைச் சொற்பொழிவு ஆகியவற்றை, விரிவாக எடுத்துரைத்தார். ரிச்சர்டு ஃபாக்ஸ் யங், எஸ். ஜெபநேசன் ஆகிய இருவரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் நிகழ்ந்த சமயவாதங்களின் வரலாற்றைத் திரட்டித் தந்தது. இவையனைத்தும் பயனுடையன. ஆயினும் ஒரு வினா இவற்றுள் உரிய இடம் பெறவில்லை. விவிலியத்தை இறைமொழியாக ஏலாத ஒருவர் அதனைச் சான்றாகக் காட்டும்போது அது எவ்வகைச் சான்று? அதிலிருந்து எந்த முடிவு பெறப்படும், எந்த முடிவு பெறப்படாது? நூலின் வெற்றியும் வரம்பும் இவ்வினாவுக்குரிய விடையிலேயே அடங்கியுள்ளன.

உரை என்னும் அளவை

நூற்சான்று பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைவாதி முதலானோர் தத்தம் அளவைகளை எண்ணிக்கூறுகின்றனர். அறவணவடிகள் பேசும் காதையிலோ காட்சி, கருத்து என்னும் இரண்டே அளவைகளாகக் கொள்ளப்பட்டு, ஏனையவை கருத்தளவையுள் அடக்கப்படுகின்றன. சிவஞான சித்தியார் அளவைகளைப் பலவாக எண்ணிப் பின்னர்க் காண்டல், கருதல், உரை என மூன்றனுள் அடக்கிக்கொள்கிறது. ஆகவே, ஒரு நூல் தனக்குத்தானே அளவையாக நிற்குமா என்பதில் தமிழ்ச் சமயங்களிடையே தொடக்கத்திலிருந்தே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு செய்தியில் மட்டும் வேறுபாடில்லை: உரையளவை, அவ்வுரையை ஏற்பவனுக்கே அளவை. ஏலாதவன்முன் அதனை வைப்பது, தன் வீட்டு உறுதியோலையை அடுத்த ஊர் மன்றத்தில் காட்டுவதை ஒக்கும்.

இதன் மறுபக்கமே கண்டன நூல்களின் உயிர்நாடி. மாற்றான் ஏற்கும் நூலைக் கொண்டே மாற்றானைக் கட்டலாம். அதற்கு அந்நூலைத் தான் ஏற்க வேண்டுவதில்லை. நீலகேசியில் புத்த சமயத்தாரின் அருளறத்தையும் அவர்தம் புலாலுணவையும் அருகருகே நிறுத்தி, சமணப் பெண் துறவி வாதிடுகிறாள். அங்கே அவள் சமண ஆகமத்தைச் சான்றாகக் காட்டத் தேவை எழவில்லை. மாற்றாரின் கொள்கையே மாற்றாரின் செயலுக்குச் சான்றாகிவிடுகிறது. சித்தியாரின் பரபக்கமும் பிறர் கொள்கையை முதலில் அவர்தம் நோக்கில் நிறுத்திப் பின்னரே மறுக்கிறது. நாவலர் இம்மரபிலே பயின்றவர். அவரது அச்சகமும் பள்ளியும் மிஷனரிகளைப் பார்த்து அமைந்தவை என்பதை ஏற்கலாம். மாற்றார் நூலால் மாற்றாரை மறுக்கும் நெறி அவரிடமிருந்து கற்றதன்று.

கிறித்தவ மறைநூலும் இந்நெறியை அறியாததன்று. உயிர்த்தெழுதலை மறுத்த சதுசேயர் இயேசுவை வினவும் பகுதி மத்தேயு 22ஆம் அதிகாரத்தில் உள்ளது. அங்கு இயேசு விடையிறுக்கையில் தானியேல் நூலையோ எசாயாவையோ எடுத்துக்காட்டாமல், யாத்திராகமம் 3:6ஐயே சான்றாக்குகிறார். சதுசேயர் மோசேயின் ஐந்து நூல்களையே தலைமையாகக் கொண்டவர் என்பது மரபான விளக்கம். அவ்விளக்கத்தின்படி, கேட்போர் ஏற்கும் நூலிலிருந்தே விடை தரப்பட்டதாகிறது. இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு திருத்தூதர் பணிகளின் 17ஆம் அதிகாரம். தெசலோனிக்கேயாவில் யூதரின் தொழுகைக்கூடத்தில் பவுல் மறைநூலிலிருந்து வாதிடுகிறார். அதே அதிகாரத்தில் ஏதென்சு நகரின் அரியோபாகு மன்றத்தில் நிற்கும்போது மறைநூலை மேற்கோளாகக் காட்டாமல் கிரேக்கப் புலவர் வாக்கை எடுத்தாள்கிறார். ஆள் ஒருவரே, மன்றம் மாறியது, சான்றும் மாறியது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதனை ஒரு விதியாகவே வகுத்தார். யூதரோடு பழைய ஏற்பாட்டைக் கொண்டும், சபையிலிருந்து பிரிந்தாரோடு புதிய ஏற்பாட்டைக் கொண்டும் வாதிடலாம். இரண்டையும் ஏலாதாரோடு எல்லார்க்கும் பொதுவான இயற்கையறிவைக் கொண்டே வாதிட வேண்டும் என்பது அவர் கருத்து. தமிழகத்துக்கு வந்த இயேசு சபையார் இவ்விதியில் பயின்றவர். ராபர்ட் தெ நொபிலியின் தமிழ் உரைநடை நூல்கள் கடவுளின் இயல்பையும் ஆன்மாவின் இயல்பையும் காரணங்காட்டி நிறுவ முயல்வது இதனாலேயாம். அவர் எழுதியதாகக் கொள்ளப்படும் ஒரு நூலின் பெயர் தூஷணத் திக்காரம் என்பதும் கவனிக்கத்தக்கது. நாவலரின் நூற்பெயரிலுள்ள 'தூஷணம்' இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே கிறித்தவக் கண்டன நூலில் நின்ற சொல். பழி நீக்குதல் என்னும் இவ்வகைமை எந்தச் சமயத்துக்கும் தனியுரிமையன்று.

மிஷனரிகள் சைவரிடம் விவிலியத்தைச் சான்றாக நீட்டியபோது, இவ்விதிப்படி நோக்கினால், அது சான்றாகவே அமையவில்லை. நாவலர் அதே விவிலியத்தை அவர்களிடம் திருப்பி நீட்டியபோதுதான் அது சான்றாயிற்று. நூலின் அமைப்பிலுள்ள நுட்பம் இதுவே.

'உனக்கும் உண்டு' என்பதன் இரு பொருள்

எனினும் இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நியாய நூல்கள் வாதத்தில் ஒருவன் தோற்றதைக் காட்டும் இடங்களாக 22 தோல்வித்தானங்களைக் கூறுகின்றன. அவற்றுள் ஒன்று மதாநுஜ்ஞை. தன்மேற் சுமத்தப்பட்ட குற்றத்தை விலக்காமல், அக்குற்றம் உன்னிடமும் உண்டே என்று கூறுதல் மதாநுஜ்ஞையாம். அவ்வாறு கூறுவோன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டவனாகிறான். எதிரியும் திருடனாக இருப்பது தன் திருட்டைத் தீர்க்காது. சைவதூஷண பரிகாரத்தை மேலோட்டமாகப் படிப்போர்க்கு அந்நூல் முழுதும் மதாநுஜ்ஞையாகத் தோன்றக்கூடும். 'எங்கள் கோயிலில் விளக்கா? உங்கள் ஆலயத்திலும் விளக்கே' என்ற அளவில் வாதம் நின்றுவிட்டால், இரண்டும் மூடச்செயல் என்று மூன்றாமவன் ஒருவன் எளிதாகச் சொல்லிவிடுவான். பிற்கால நாத்திகர் இதனையே சொன்னார்கள்.

அதே தோல்வித்தானங்களுள் இன்னொன்று அபசித்தாந்தம். தான் முன்னர் ஏற்றுக்கொண்ட கொள்கைக்கு மாறாகப் பின்னர் வாதிடுதல் அது. நாவலரின் வாதத்தை இதன்வழி நோக்கினால் அதன் வடிவம் வேறாகிறது. அவர் வழிபாட்டுச் செயல்களைக் குற்றம் என்று ஒப்பவில்லை. அவை குற்றமல்ல என்பதற்கு, எதிரி மறுக்க இயலாத சான்றைத் தருகிறார். விளக்கேற்றுதலும் நறும்புகை இடுதலும் இயல்பாகவே அறிவுக்கு ஒவ்வாதவை எனில், அவற்றை மோசேக்குக் கட்டளையிட்ட கடவுள் அறிவுக்கு ஒவ்வாததைக் கட்டளையிட்டவர் ஆவார். இதனைப் போதகர் ஏலார். ஏலாராயின் அச்செயல்கள் இயல்பாகவே அறியாமை என்னும் தம் கூற்றைக் கைவிடல் வேண்டும். இங்கே 'உனக்கும் உண்டு' என்பது ஒப்புதல் வாக்குமூலம் அன்று. எதிரியின் கூற்றை எதிரியின் சித்தாந்தத்தோடு மோதவிடுதல்.

இவ்வேறுபாட்டைத் திறனாய்வாளர் பிரித்துக் காணாமையால் இருவகை மிகைக்கூற்றுகள் எழுந்துள்ளன. நாவலர் சைவத்தை விவிலியத்தால் நிறுவினார் என்பது ஒன்று. நாவலர் சைவத்தை விவிலியத்தின் அளவுகோலுக்கு உட்படுத்திவிட்டார் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள். அபசித்தாந்த வாதம் எதிரியின் பழிச்சொல்லை வீழ்த்துமேயன்றித் தன் சமயத்தை நிறுவாது. நிறுவுதற்கு வேறு சான்று வேண்டும். அது சைவர்க்கு ஆகமத்திலும் திருமுறையிலும் கிடைக்கும். நூலின் வலிய பக்கங்கள் 'பழிக்க உமக்கு உரிமையில்லை' என்ற எல்லையில் நிற்பவை. அவ்வெல்லையைக் கடந்து, ஒப்புமையே உண்மைக்குச் சான்று என்னும் தொனி எழும்போது வாதத்தின் பிடி தளர்கிறது.

நிழலும் பொருளும்

போதகர் தரப்பில் விடை இல்லாமலில்லை. பழைய ஏற்பாட்டின் பலிகளும் சடங்குகளும் வரவிருந்தவற்றின் நிழல் என்றும், கிறித்துவில் பொருள் வெளிப்பட்டபின் நிழலுக்கு இடமில்லை என்றும் எபிரேயர்க்கு எழுதிய மடல் 10ஆம் அதிகாரத்தின் தொடக்கம் கூறுகிறது. சீர்திருத்தச் சபையார் இதனையே படிப்புமுறையாகக் கொண்டு லேவியராகமத்தை வாசித்தனர். இவ்விடை வலுவுடையது, ஆனால் அது காக்கும் பகுதி சிறிது. 'இவை ஒருகாலத்தில் கட்டளையாக இருந்தன, இன்று நீக்கப்பட்டன' என்று சொல்வோர்க்கே அது பயன்படும். 'இவை எக்காலத்தும் நகைப்புக்குரியவை' என்று எழுதியோர்க்குப் பயன்படாது. துண்டுப் பிரசுரங்களில் பெரிதும் ஒலித்தது இரண்டாவது குரலே. ஆகவே, எள்ளலை எதிர்த்த அளவில் நாவலரின் வாதம் நிற்கிறது. நீக்கம் என்னும் கோட்பாட்டை எதிர்த்த அளவில் அது மேலும் சில படிகள் ஏறியாக வேண்டும்.

அப்படிகளுக்கு வேண்டிய சான்றும் விவிலியத்தில் உண்டு. திருத்தூதர் பணிகள் 3:1இல் பேதுருவும் யோவானும் வேண்டுதல் வேளையில் எருசலேம் ஆலயத்துக்குச் செல்கின்றனர். 21:26இல் பவுல் நேர்ச்சை செய்தவர்களோடு சேர்ந்து தூய்மைச் சடங்கு செய்துகொண்டு ஆலயத்துள் நுழைகிறார். இவை சிலுவைக்குப் பிந்தைய நிகழ்ச்சிகள். இவற்றுக்கும் சீர்திருத்தச் சபையார் விளக்கம் கூறுவர். இங்கு நோக்கத்தக்கது அவ்விளக்கத்தின் சரி பிழை அன்று. விளக்கம் தேவைப்படுகிறது என்பதே செய்தி. வாக்கியம் தானே பேசும் என்று தொடங்கிய வாதம், வாக்கியத்தை எவ்வாறு படிப்பது என்னும் வேறொரு வாதத்தில் வந்து நிற்கிறது.

விவிலியத்துக்குள்ளேயே இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு உண்டு. எண்ணாகமம் 21ஆம் அதிகாரத்தில், பாம்புக் கடியால் மாண்ட மக்களைக் காக்க வெண்கலப் பாம்பு ஒன்றைச் செய்து கம்பத்தில் நிறுத்துமாறு கடவுள் மோசேக்குக் கட்டளையிடுகிறார். இரண்டாம் அரசர் நூல் 18:4இல் மக்கள் அதற்குத் தூபம் காட்டி வந்ததால் எசேக்கியா மன்னன் அதை உடைத்துத் தூளாக்குகிறான். அச்செயல் அவனுக்குப் புகழாகச் சொல்லப்படுகிறது. ஒரே உருவம் ஓரிடத்தில் கட்டளையால் எழுந்து, மற்றோரிடத்தில் நற்செயலாக உடைக்கப்படுகிறது. உருவ வழிபாட்டை ஆதரிப்போன் முன்னதையும், மறுப்போன் பின்னதையும் எடுத்துக்கொள்ளலாம். பெத்தேலில் யாக்கோபு கல்லைத் தூணாக நாட்டி எண்ணெய் வார்த்ததும் (ஆதியாகமம் 28:18), தூண் நாட்டுவதை உபாகமம் 16:22 விலக்குவதும் இவ்வாறே. உருவம் செய்யாதே என்ற யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்துக்கும், பொன்னால் இரு கேரூபீன்களைச் செய் என்ற 25ஆம் அதிகாரத்துக்கும் இடையே இருப்பவை நான்கே அதிகாரங்கள். இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் படிப்பதற்குரிய நெறி எது என்று சொல்லாதவரை, இரண்டில் எதுவும் தனித்துச் சான்றாகாது.

தமிழில் படித்ததனால் பிறந்த ஒப்புமை

நூலைப் பற்றி இதுவரை பெரிதும் பேசப்படாத ஒன்று அதன் மொழித்தளம். நாவலர் விவிலியத்தை வெளியிலிருந்து புரட்டியவர் அல்லர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து அதனைத் தமிழாக்கியவர். வெசுலியன் மிஷன் பாடசாலையில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1848இல் அப்பணியை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கும் வரை அவர் கையிலும் கருத்திலும் விவிலியம் இருந்தது. அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளியாயிற்று. லேவியராகமத்தின் பலிமுறைகளுக்கு எத்தமிழ்ச் சொல் பொருந்தும் என்று எண்ணிப் பார்த்தவர், நான்காண்டுகள் கழித்து அப்பலிமுறைகளைச் சைவப் பூசைமுறையோடு ஒப்பிடுகிறார். இவ்விரு செயல்களையும் தொடர்பற்றவையாகக் கருதல் இயலாது.

தமிழ் விவிலியத்தின் சொற்களைச் சற்றே நோக்கலாம். மறைநூல் முழுமைக்கும் வேதம், வேதாகமம் என்ற பெயர்கள். அதன் நூல்களோ ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். எபிரேயத்திலோ கிரேக்கத்திலோ இந்நூற்பெயர்களில் 'ஆகமம்' என்பதற்கு நேரான சொல் இல்லை. அது தமிழ் நிலத்தின் சமய வழக்கிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது. பூசை செய்வோன் ஆசாரியன். ஆலயத்தில் உள்ளது குத்துவிளக்கு. நறும்புகை இடும் மேடை தூபபீடம். பூசப்படுவது அபிஷேக தைலம். இச்சொற்கள் 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதலில் நிலைபெற்றவை. அது பெப்ரீசியசின் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழாக்கத்தை அடிப்படையாகக் கொண்டெழுந்தது. எனவே ஒவ்வொரு சொல்லையும் 1854க்கு முற்பட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு கொள்ளல் ஆகாது; ஆனால் சைவ, வைணவக் கோயில் வழக்கிலிருந்து சொல்லெடுக்கும் போக்கு அதற்கு நெடுங்காலம் முன்னரே வேரூன்றியிருந்தது.

இதன் விளைவு எளிது. ஆங்கிலத்தில் மோசேயின் கூடாரத்தைப் பற்றிப் படிக்கும் ஒருவனுக்கு நினைவுக்கு வருவது பழைய யூதர் உலகம். தமிழில் அதே பகுதியைப் படிக்கும் நல்லூர்க் குடியானவனுக்கு நினைவுக்கு வருவது கந்தசுவாமி கோயில். ஆசாரியனும் அபிஷேகமும் தூபமும் குத்துவிளக்கும் அவன் அன்றாடம் காண்பவை. மொழிபெயர்ப்பாளர் அச்சொற்களைத் தேர்ந்ததன் நோக்கம், அயலான நூல் தமிழர்க்கு அயலாகத் தோன்றக்கூடாது என்பது. அந்நோக்கம் நிறைவேறியது, வேண்டிய அளவுக்கு மேலும் நிறைவேறிவிட்டது. விவிலியத்தைத் தமிழர்க்கு அணுக்கமாக்கிய அதே சொற்கள், சைவப் பூசையையும் விவிலியத்துக்கு அணுக்கமாக்கின. கையிலிருந்த சாவியால் தம் வீட்டுக் கதவும் திறக்கும் என்பதைப் பாதிரிமார் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

இங்குத் திறனாய்வாளர் கடமை இரண்டாகப் பிரிகிறது. ஒப்புமையில் சொல்லால் வந்த பகுதி எது, பொருளால் வந்த பகுதி எது எனப் பிரித்தல் வேண்டும். அபிஷேகம் என்னும் சொல் இதற்குச் சான்று. விவிலியத்தில் அரசனையும் ஆசாரியனையும் தைலம் பூசிப் பணிக்கென ஒதுக்குதலைக் குறிக்கும் சொல்லுக்கும், கோயிலில் இறைத்திருமேனியை நீராட்டுதலுக்கும் தமிழில் ஒரு சொல்லே வழங்குகிறது. சொல் ஒன்றாக இருப்பதால் செயலும் ஒன்றாகத் தோன்றுகிறது. நோக்கத்தில் இரண்டும் வேறானவை. விளக்கு, நறும்புகை, நீராடித் தூய்மையாதல், திருவிழா நாள், நேர்ச்சை ஆகியவற்றில் நிலை வேறு. இவற்றில் எம்மொழியில் படித்தாலும் ஒப்புமை எஞ்சும். நாவலரின் வாதம் இரண்டாம் வகையின்மேல் நிற்கும்போது அசைக்க இயலாதது. முதல் வகையின்மேல் நிற்கும் இடங்களில் அது தமிழாக்கத்தின் கொடையைத் தன் வாதத்தின் கொடையாகக் கொள்கிறது.

இவ்வாறு கூறுவதால் நாவலர் வாசகரை மயக்கினார் என்பது பொருளன்று. தமிழ் விவிலியத்தை இறைமொழி என்று தமிழர் கையில் கொடுத்தவர்கள், அதன் தமிழ்ச் சொற்கள் தரும் பொருளுக்கும் பொறுப்பேற்க வேண்டியவர்களே. மூலத்தில் அப்படியில்லை என்று பின்வாங்குவோர், அதுவரை மொழிபெயர்ப்பைச் சான்றாக நீட்டியதேன் என்ற வினாவுக்கு விடை சொல்ல வேண்டும். எந்தத் தமிழாக்கம் மறைநூல் என்னும் வினா கிறித்தவர்களிடையேயே எளிதில் தீரவில்லை. பெப்ரீசியசின் மொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தெழுதியதையும், சபைத்தமிழ் ஒன்று உருவாகி நிலைத்ததையும் ஹெப்சிபா இஸ்ரயேல் 2011இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

வீரமாமுனிவர் முன்னரே கேட்ட வினா

எவர் விளக்கம் சரியானது, எந்த மொழிபெயர்ப்பு சான்றாகும் என்னும் இரு வினாக்களும் யாழ்ப்பாணத்தில் முதன்முதல் எழுந்தவையல்ல. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. மறைநூல் ஒன்றே போதும், சபை மரபு வேண்டுவதில்லை என்பது லுத்தரன் சபையாரின் நிலை. அவர்கள் தரப்பிலிருந்து எழுந்த திருச்சபை பேதகம் என்னும் நூலுக்கு விடையாக வீரமாமுனிவர் பேதகமறுத்தலை எழுதினார். 1728இல் வந்த வேதவிளக்கமும் லுத்தரன் கொள்கைகளையே மறுக்கிறது. மறைநூல் தன் பொருளைத் தானே உறுதிசெய்யாது, அதனைக் காத்து வந்த சபையே விளக்கும் உரிமை உடையது என்பது கத்தோலிக்கத் தரப்பின் அடிப்படை. மறைநூலில் எந்தெந்த நூல்கள் அடங்கும் என்னும் பட்டியலே மறைநூலுக்குள் இல்லை என்று அத்தரப்பினர் வழக்கமாகச் சுட்டுவர். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம் அது.

தரங்கம்பாடியாரின் தமிழை முனிவர் எள்ளியது இலக்கிய வரலாறுகளில் ஒரு சுவையான நிகழ்ச்சியாகவே சொல்லப்பட்டு வருகிறது. தேம்பாவணி பாடியவர்க்குக் கொச்சைத்தமிழ் பொறுக்கவில்லை என்பது வழக்கமான விளக்கம். அவ்விளக்கம் போதாது. எழுத்தும் சொல்லும் பிழைபட்ட நூலை 'மறைநூலே சான்று' என்போர் சான்றாக நீட்டும்போது, சொல்லின் பிழை சான்றின் பிழையாகிறது. மரபும் சபையும் துணையில்லாமல் வாக்கியம் ஒன்றையே நம்புவோர்க்கு வாக்கியம் பழுதாயின் எஞ்சுவது ஒன்றுமில்லை. முனிவரின் எள்ளல் நடையழகைப் பற்றியதாகத் தொடங்கிப் பிரமாணத்தைப் பற்றியதாக முடிகிறது. லுத்தரன் தரப்பில் இதற்கு மறுமொழி உண்டு: மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொள்ளலாம், மரபு பிழைபட்டால் அதனை எதைக்கொண்டு திருத்துவது? அவ்வினாவும் கத்தோலிக்கர் எளிதில் கடந்துவிடக்கூடியதன்று.

ஒரு நூற்றாண்டுக்குப்பின் நாவலர் செய்தது, முனிவர் சுட்டிய அதே வாயில் வழியே வேறு திசையிலிருந்து நுழைந்ததுதான். மறைநூலைச் சபை விளக்கவேண்டும் என்று முனிவர் சொன்னார். சபை விளக்காவிடில் எவரும் விளக்கலாம், சைவனும் விளக்கலாம் என்று நாவலர் செய்து காட்டினார். 'எவரும் படித்து அறியலாம்' என்று நூலை அச்சிட்டு ஊர்தோறும் வழங்கியவர்கள், அவ்வாறே படித்து அறிந்த ஒருவரை எதிர்கொள்ள நேர்ந்தது.

இதற்கு விவிலியத்தின் அச்சு வடிவமும் துணைசெய்தது. அதிகாரம், வசனம் என எண்ணிட்ட வடிவம் விவிலியத்தில் தொன்றுதொட்டு இருந்ததன்று. புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் வசன எண்கள் ராபர்ட் எஸ்தியேன் 1551இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் தோன்றியவை. தமிழ் உரையாசிரியர் 'என்றார் பிறரும்' என்று அடியை மட்டும் காட்டிச் செல்வர். படிப்போன் நூலறிந்தவனாக இருந்தாலன்றி இடத்தைக் காண இயலாது. எண்ணிட்ட வசனமோ எவனும் சரிபார்க்கத்தக்கது. வாதத்தில் நேர்மையை வளர்த்த இவ்வசதி, வாக்கியத்தை அதன் சூழலிலிருந்து கிள்ளி எடுக்கும் பழக்கத்தையும் வளர்த்தது. கிள்ளி எடுப்பதன் தீங்கை மறைநூலே அறிந்துள்ளது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் ஆலய முகட்டில் நின்று 91ஆம் திருப்பாடலைச் சான்றாகக் காட்டுபவன் சாத்தான். மேற்கோளில் பொய்யில்லை, பயன்படுத்திய இடமே பொய். இயேசு அதற்கு உபாகமத்திலிருந்து வேறொரு வாக்கியத்தைக் காட்டி விடையிறுக்கிறார். ஒரு வாக்கியம் மற்றொரு வாக்கியத்தால் எல்லைப்படுத்தப்படுகிறது.

நாவலரை அடுத்து வந்த யாழ்ப்பாணக் கண்டன நூல்கள் இந்நிலையிலிருந்து பெரும்பாலும் இறங்கிச் சென்றன. காசிவாசி செந்திநாதையரின் நூலொன்றின் பெயர் விவிலிய குற்சித கண்டன திக்காரம். விவிலியத்தை இகழ்ந்தது, அவ்விகழ்ச்சியைக் கண்டித்தது, அக்கண்டனத்தைத் தள்ளியது என மூன்று நூல்களின் வழக்கு ஒரே பெயரில் அடுக்கப்பட்டுள்ளது. இவ்வடுக்கில் மேலே ஏற ஏற விவிலிய வாக்கியங்கள் முரண்பாடுகளின் பட்டியலாகச் சுருங்குகின்றன. மாற்றாரின் வழிபாட்டில் தன் வழிபாட்டின் சாயலைக் கண்டு, அதனைச் சான்றாக்கிய நாவலரின் முறை அங்கு இல்லை. கிறித்தவத் தரப்பிலும் நிலைமை இதுவே. சைவ நூல்களின் வாக்கியங்களும் அவர்களிடம் இவ்வாறே கிள்ளப்பட்டன.

வீரமாமுனிவரின் சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும், நாவலரின் பதிப்புகளும் பாலபாடங்களும் தமிழ்த்துறைகளில் இன்றும் பாடமாக உள்ளன. வேதவிளக்கமும் சைவதூஷண பரிகாரமும் அவ்வாறில்லை. சமயப் பூசலுக்குரியவை என்று ஒதுக்கப்பட்ட இவற்றிலேதான் ஒரு கூற்றை நிறுத்தி, அதற்கு இடங்காட்டிச் சான்று தந்து, எதிர்ப்பை முன்னுணர்ந்து விடைகூறும் தமிழ் உரைநடை பழகியது. பேர்சிவலின் 1850ஆம் ஆண்டுத் தமிழாக்கத்தையும் 1854ஆம் ஆண்டு நூலின் மேற்கோள்களையும் அருகருகே வைத்துச் சொல்வேறுபாடு காட்டும் ஆய்வுப்பதிப்பு ஒன்று அமையுமாயின், நாவலர் தம் கையால் தேர்ந்த சொற்களை எவ்விடத்தில் அப்படியே ஆண்டார், எவ்விடத்தில் வாதத்தின் பொருட்டு மாற்றினார் என்பதை வரிவரியாகக் காணலாம்.